தோனியின் 72 பந்துகளும் என் ஒரு வரியும்

2019 ஜூலை 10. மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டில் கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதி, இந்தியாவும் நியூசிலாந்தும். முந்தைய நாள் மழையால் நின்றுபோன ஆட்டம் அன்று தொடர்ந்தது. இந்தியாவுக்கு 240 ரன் இலக்கு. கடைசி இரண்டு ஓவரில் 31 வேண்டும். 49வது ஓவரின் முதல் பந்தை தோனி சிக்ஸருக்கு அனுப்பினார். மூன்றாவது பந்தில், இரண்டாவது ரன்னுக்குத் திரும்பி ஓடியபோது, நியூசிலாந்தின் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் வந்து அடித்தது. தோனி ரன் அவுட். மட்டைக்கும் கோட்டுக்கும் நடுவே இருந்த அந்தச் சின்ன இடைவெளி இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, போனை எடுத்தேன். ஆட்டம் பார்ப்பதற்கென்றே நாங்கள் அறுபது பேர் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதினேன்: “72 பந்தில் 50. சொந்த ரன்னுக்காக ஆடித் தோற்கடித்துவிட்டார். சுயநலம்.”

அரை மணி நேரத்தில் நாற்பதுக்கும் மேல் பதில்கள். “நீ என்னைக்காவது பேட் பிடிச்சிருக்கியா?” “2011ல எங்க இருந்த?” “தோத்தா மட்டும் வாயைத் திறக்கிற ஆளு.” “கோலி ரசிகன், வேற என்ன பேசுவான்?” ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்த இன்னிங்ஸைப் பற்றி ஒருவர்கூட ஒரு சொல் எழுதவில்லை. எல்லாமே என்னைப் பற்றித்தான்.

‘ரசிகன்’, ‘பேசுவான்’ என்று எழுதியிருந்தார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். குழுவில் என் பெயர் வெறும் இனிஷியல்தான். படம் ஒரு கிரிக்கெட் மட்டை. ஒன்றரை வருடமாக எல்லோருக்கும் நான் ‘ப்ரோ’. திட்டமிட்டு மறைத்தேன் என்று சொல்ல முடியாது, யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கு டைப் செய்து மாளவில்லை, ஆத்திரத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். என் குரலைக் கேட்டதும் குழுவே இரண்டு நிமிடம் அடங்கியது. அப்புறம் ஒருவர் எழுதினார்: “ஓ, நீங்க பொண்ணா?” அதற்குக் கீழே இன்னொருவர் ஒரே ஒரு சொல் எழுதினார்: “அதான்.”

அந்த ‘அதான்’ என்னைக் குத்திய அளவுக்கு மற்ற நாற்பது பதில்களும் குத்தவில்லை. ஒன்றரை வருடம் நான் எழுதிய எல்லாவற்றையும் அது ஒரு நொடியில் தள்ளுபடி செய்தது. போனை அணைத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. அதன் பிறகு பல வாரங்கள் அந்தக் குழுவில் வெறும் வாசகியாக இருந்தேன்.

அப்படிப் பேசாமல் இருந்த நாட்களில்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நான்கு நாள் கழித்து இறுதிப் போட்டி. இங்கிலாந்தும் நியூசிலாந்தும் தலா 241. சமனை உடைக்க ஆளுக்கு ஒரு ஓவர் ஆடும் சூப்பர் ஓவரிலும் தலா 15. கடைசியில், யார் அதிகம் பவுண்டரி அடித்தார்கள் என்று எண்ணி, 26க்கு 17 என்ற கணக்கில் இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். எங்கள் குழுவில் விடியும் வரை சண்டை. ஆனால் அந்தச் சண்டையில் யாரும் யாரையும் ‘நீ யார்’ என்று கேட்கவில்லை. “பவுண்டரியை எண்ணுவது நியாயமா? இழந்த விக்கெட்டை எண்ணலாமே?” “இன்னொரு சூப்பர் ஓவர் வைத்தால் என்ன?” என்று போய்க்கொண்டே இருந்தது. வழக்கமாக முறைத்துக்கொள்ளும் இரண்டு பேர் அன்று ஒரே கட்சி. அந்த ஆண்டு அக்டோபரில், உலகக் கிரிக்கெட்டை நடத்தும் ஐசிசி அந்தப் பவுண்டரிக் கணக்கையே எடுத்துவிட்டது. முக்கியமான ஆட்டம் என்றால் ஒருவர் ஜெயிக்கும் வரை சூப்பர் ஓவர் தொடரும் என்றார்கள்.

ஒரே குழு, அதே ஆட்கள், இடையில் நான்கே நாள். ஏன் இந்த வித்தியாசம் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. என் வரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

அதில் மூன்று துண்டுகள் இருந்தன. ‘72 பந்தில் 50’, இது ஸ்கோர்கார்டில் இருப்பது. ‘சொந்த ரன்னுக்காக’, இது தோனியின் மனதுக்குள் நான் போய்ப் பார்த்ததாகச் சொன்னது. ‘சுயநலம்’, இது நான் கொடுத்த தீர்ப்பு. முதல் துண்டைப் பற்றி விவாதிக்கலாம். மற்ற இரண்டோடும் யார் எப்படி விவாதிப்பது? ஒரு மனிதனின் உள்நோக்கத்தை நான் தீர்மானித்துச் சொன்னேன், என் உள்நோக்கத்தை அவர்கள் தீர்மானித்துச் சொன்னார்கள். நான் போட்ட வழியில்தான் அவர்கள் நடந்தார்கள். ‘அதான்’ மட்டும் வேறு கணக்கு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த முதல் துண்டும்கூட முழு உண்மை இல்லை. தோனி ஏழாவதாக இறங்கினார். ரோஹித், ராகுல், கோலி மூவரும் ஆளுக்கு 1 ரன்னில் போய், 5 ரன்னுக்கு 3 விக்கெட், 24 ரன்னுக்கு 4 விக்கெட் என்று கிடந்த ஆட்டம் அது. 92 ரன்னுக்கு 6 விக்கெட் விழுந்த பிறகுதான் ஜடேஜா வந்தார். அவரும் தோனியும் சேர்ந்து 116 ரன் சேர்த்தார்கள். ஜடேஜா 59 பந்தில் 77. ஒரு பக்கம் ஒருவர் விக்கெட்டைக் காத்து நின்றதால் மற்றவர் துணிந்து அடிக்க முடிந்தது என்று ஒருவர் வாதாடினால், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைக் கேட்கும் நிலையிலும் அன்று நான் இல்லை.

இத்தனைக்கும் என் கருத்து முழுக்கத் தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஒரு நோட்டில் அதையே திருத்தி எழுதிப் பார்த்தேன்: ‘ஜடேஜா நன்றாக அடித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே தோனியும் கொஞ்சம் வேகம் கூட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 12 பந்தில் 31 என்ற இடத்துக்கு ஆட்டத்தை விட்டது தாமதம். அதோடு, அவரை ஏழாவதாக இறக்கியதும் எனக்குப் புரியவில்லை.’ கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கிறவர் பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்த ஓவர்களுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். என்னிடம் வருவதற்கு இதில் வாசல் இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எழுதியதை அனுப்புவதற்கு முன் அதில் ஒரு மனிதரின் குணத்தைச் சொல்லும் சொல் இருக்கிறதா என்று தேடுவேன். சுயநலம், கோழை, திமிர், துரோகம், அர்ப்பணிப்பு இல்லை. இருந்தால் அதை எடுத்துவிட்டு, ‘அப்படி என்ன செய்தார்?’ என்று எனக்கு நானே கேட்டு, அந்தப் பதிலை எழுதுவேன். ‘கோழைத்தனமான கேப்டன்சி’ என்பது ‘ஸ்பின்னர் போடும்போது ஸ்லிப்பை ஏன் எடுத்தார்?’ என்று மாறும். பல நேரம் பதில் ஒன்றுமே இருக்காது, வெறும் கோபம்தான் இருந்திருக்கும். அப்போது அனுப்ப மாட்டேன்.

பாராட்டுக்கும் இது பொருந்தும் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. ‘இவரைப் போல் ஒரு மனிதர் இல்லை’ என்று எழுதினால், இன்னொருவரைப் பிடித்தவர்கள் அதைத் தங்கள் மேல் விழுந்த அடியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ‘அந்த யார்க்கரைப் பார்த்தீர்களா’ என்றால் யாருக்கும் வலிப்பதில்லை.

ஏன் இப்படி வலிக்கிறது? இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு பழைய ஆய்வு கிடைத்தது. 1951 நவம்பரில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஒரு கால்பந்து ஆட்டம், அந்த நாட்டு வகைக் கால்பந்து. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால் உடைந்தது. ஆல்பர்ட் ஹேஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். 1954ல் முடிவை வெளியிட்டார்கள். டார்ட்மவுத் அணி செய்த தப்பு என்று அதன் சொந்த மாணவர்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியிருந்தார்கள். ஒரே படம்தான். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

இதைப் படித்த பிறகு என்னோடு மாறுபடுகிறவர் மேல் எனக்கு இருந்த கசப்பு பாதி குறைந்தது. அவர் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்கிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் வேறொரு ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். நானும்தான்.

ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் 1976ல் வெளியிட்ட ஆய்வும் இதோடு சேர்த்தி. தங்கள் கல்லூரி அணி ஜெயித்தால் மாணவர்கள் ‘நாம் ஜெயித்தோம்’ என்கிறார்கள், தோற்றால் ‘அவர்கள் தோற்றுவிட்டார்கள்’ என்று கொஞ்சம் தள்ளி நிற்கிறார்கள். என் பழைய மெசேஜ்களைத் தேடினேன். ‘ஜெயிச்சுட்டோம்’ என்று எழுதியவளும் நான்தான், ‘தோற்கடித்துவிட்டார்’ என்று எழுதியவளும் நான்தான்.

இன்னொரு சம்பவம், அஸ்வினைப் பற்றி நான் எழுதியது. அந்த அரையிறுதிக்கு மூன்றரை மாதம் முன்பு, 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நடந்த ஐபிஎல் ஆட்டம். பஞ்சாப் அணிக்காகப் பந்து வீசிய அஸ்வின், பந்தை விடும் முன்பே கோட்டைத் தாண்டிய எதிர்முனை பேட்ஸ்மேன் ஜாஸ் பட்லரை ரன் அவுட் செய்தார். 43 பந்தில் 69 எடுத்து ஆட்டத்தை ராஜஸ்தான் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார் பட்லர். விதிப்படி அது அவுட், பௌலர் மேல் தப்பே இல்லை என்று நான் எழுதினேன். உடனே வந்த பதில்: “நம்ம ஊர் ஆளுன்னா எதையும் நியாயப்படுத்துவீங்க.”

அப்போது கோபம் வந்தது. பின்னால் யோசித்தபோது, அவர் கேட்டதில் ஒரு நியாயமான கேள்வி ஒளிந்திருந்தது தெரிந்தது: பட்லர் பந்து வீசி, அஸ்வின் அவுட் ஆகியிருந்தால் இதையே சொல்லியிருப்பாயா? அன்றிலிருந்து, எதையாவது எழுதும் முன் பெயர்களை இடம் மாற்றிப் பார்க்கிறேன். மாற்றிய பிறகும் அதே வாக்கியத்தை எழுத முடிகிறதா? முடியாவிட்டால் அது பாசம். பாசத்தை எழுதக்கூடாது என்றில்லை, ‘எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கும், அதனால் இப்படித் தோன்றலாம்’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். ‘நீ அவர் ரசிகைதானே’ என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டால், அதில் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

2022 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் தீப்தி சர்மா அதே முறையில் சார்லி டீனை அவுட் செய்தபோதும் அதையேதான் சொன்னேன். ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற பிரிவில் இருந்த அந்த விதியைச் சாதாரண ரன் அவுட் பிரிவுக்கு மாற்றுவதாக, கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசி முன்பே அறிவித்திருந்தது; அடுத்த மாதமே அது நடைமுறைக்கு வந்தது. அப்போது ‘பார்த்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன்’ என்று எழுதக் கை துடித்தது. எழுதவில்லை. எதிர்த்துப் பேசியவர்களும் ஆட்டத்தின் மேல் இருந்த அன்பில்தான் பேசினார்கள். அவர்களைத் தோற்கடித்துக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

எனக்கு உண்மையான சோதனை 2023 நவம்பர் 6 அன்று வந்தது. டெல்லியில் இலங்கை, வங்கதேசம் ஆட்டம். இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் களத்துக்கு வந்து, ஹெல்மெட் பட்டை அறுந்துபோய் வேறொன்று கேட்டு நின்றார். வங்கதேசக் கேப்டன் ஷாகிப் அல் ஹசன் அப்பீல் செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராகவில்லை என்று மேத்யூஸுக்கு அவுட் கொடுத்தார்கள். சர்வதேச கிரிக்கெட்டில் ‘டைம்டு அவுட்’ ஆன முதல் ஆள் அவர்தான். அவர் அந்த ஹெல்மெட்டை நீட்டி நீட்டிக் காட்டிய முகத்தைப் பார்க்க முடியவில்லை. ‘இது அநியாயம்’ என்று டைப் செய்தே விட்டேன். அப்புறம் நிறுத்தினேன். அஸ்வினுக்கு விதிப்புத்தகத்தைக் காட்டிய நான் ஷாகிப்புக்கு மட்டும் எப்படி மறுப்பது?

கடைசியில் நான் அனுப்பியது இது: “விதிப்படி அவுட் என்றுதான் நினைக்கிறேன். 2019ல் அஸ்வினுக்காகப் பேசிய நான் இன்று மாற்றிப் பேச முடியாது. ஆனால் மனசு ஒப்பவில்லை. பட்டை அறுந்தது இரண்டு நிமிடத்துக்கு முன்பா பின்பா என்பதிலேயே இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. உபகரணம் பழுதானால் நேரத்தை நிறுத்தும்படி விதியை மாற்றலாமே?”

அன்றைக்குக் கிடைத்த மாதிரி உரையாடல் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. எட்டு, பத்து பேர் வந்து அவரவர் தடுமாற்றத்தைச் சொன்னார்கள். எனக்கு முடிவு தெரியாத இடத்தை நான் மறைக்காமல் காட்டியதால், அவர்களும் காட்டினார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கு இணையத்தில் இவ்வளவு மதிப்பு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இடையில் 2021ல் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் போனால் இந்தக் கதை முழுமையாகாது. ஜூலை 11, யூரோ கோப்பை இறுதி. பெனால்டியில் ராஷ்ஃபோர்ட், சான்சோ, சாகா மூவரும் தவறவிட, இங்கிலாந்து தோற்றது. மூவர் மேலும் நிறவெறி வசவுகள் கொட்டின. சாகாவுக்கு அப்போது 19 வயது. அக்டோபர் 24, டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானிடம் இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. முகமது ஷமியை அவருடைய மதத்தைச் சொல்லித் திட்டித் தீர்த்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன் கேப்டன் கோலி வெளிப்படையாக அதைக் கண்டித்தார்.

நான் ஷமியைத் திட்டவில்லை. ஆனால் அன்றிரவு எங்கள் குழுவின் தேடல் பெட்டியில் ‘சுயநலம்’ என்று அடித்துப் பார்த்தேன். அப்புறம் ‘கோழை’. அப்புறம் ‘இவனெல்லாம்’. நான் எழுதியதாகப் பதினொரு மெசேஜ் வந்தது. பதினொன்றும் வெவ்வேறு வீரர்களைப் பற்றி. அதில் ஒன்று, கேட்ச் விட்ட ஒரு இருபது வயதுப் பையனைப் பற்றி. அவற்றை அழிக்கவும் முடியாது, நேரம் கடந்துவிட்டது. வசவு என்பது எங்கோ யாரோ செய்வது என்று எண்ணியிருந்தேன், இந்தப் பதினொன்றும் அதே சாலையில் கொஞ்சம் குறைந்த தூரம் போனவைதான் என்று அன்றைக்குத்தான் மனதார ஒப்புக்கொண்டேன். என்னை யாரும் எடை போடக்கூடாது என்று நான் கேட்க வேண்டுமென்றால், நான் எடை போடுவதை நிறுத்த வேண்டும், அதுவும் முதலில்.

பதில் சொல்வதைப் பற்றிக் கொஞ்சம். நல்ல முறையில் எழுதினாலும் ஆளைக் குறித்த பதில்கள் வரத்தான் செய்யும். அவற்றில் பெரும்பாலானவை இரண்டு துண்டாக இருக்கும். ஒருமுறை ஒருவர் எனக்கு எழுதினார்: “மேட்ச் பாத்தீங்களா, இல்ல ஸ்கோர்கார்டு பாத்து எழுதுறீங்களா? பனி விழுந்ததை ஏன் சொல்லல?” முதல் வாக்கியம் என்னைப் பற்றி, இரண்டாவது ஆட்டத்தைப் பற்றி. முதலாவதுக்குப் பதில் எழுத ஆசையாகத்தான் இருந்தது. முழு ஆட்டமும் பார்த்திருந்தேன். ஆனால் அதை நிரூபிக்கப் போனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். இரண்டாவதுக்கு மட்டும் எழுதினேன்: “பனியை நான் யோசிக்கவில்லை, உண்மைதான். ஈரப் பந்தில் ஸ்பின்னருக்குப் பிடிமானம் இருந்திருக்காது. அப்படிப் பார்த்தால் அந்த ஓவரை வேகப்பந்து வீச்சாளருக்குக் கொடுத்திருக்கலாம் இல்லையா?” அதற்கு வந்த பதிலில் முதல் துண்டு காணாமல் போயிருந்தது. இது எப்போதும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். பத்தில் ஆறு, ஏழு முறை நடக்கிறது.

மீதி மூன்று, நான்கு முறைக்கு என் வழக்கம், இரண்டு பதிலோடு நிறுத்திக்கொள்வது. இரண்டு தடவை சொல்லியும் புரியாதது மூன்றாவது தடவையில் புரியப்போவதில்லை. மியூட் செய்துவிட்டு எழுந்து போய்விடுவேன். ‘ஓடிட்டாங்க’ என்று எழுதுவார்கள். எழுதட்டும்.

இனி அந்த ‘அதான்’. மேலே சொன்ன எந்தப் பழக்கமும் அதைத் தடுத்திருக்காது. ஒருவர் என்ன எழுதினார் என்பதைப் பார்க்காமல், அவர் பெண்ணா, எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்த்து எடை போடுவது, எழுதியவரின் தப்பே இல்லை. ஆரம்பத்தில் நான் அதை என் திறமையால் வெல்லப் பார்த்தேன். எல்பிடபிள்யூ விதியைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்பார்கள், லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆனால் அவுட் கிடையாது என்பதிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொல்வேன். மழை வந்தால் இலக்கை மாற்றிக் கணக்கிடும் டிஎல்எஸ் முறை தெரியுமா என்பார்கள், அதையும் விளக்குவேன். ஒவ்வொரு தேர்விலும் தேறினேன், ஒவ்வொரு முறையும் அடுத்த தேர்வு வந்தது. ஆண்களிடம் யாரும் இந்தத் தேர்வை வைப்பதில்லை.

ஒருநாள் நிறுத்திக்கொண்டேன். இப்போது யாராவது அப்படிக் கேட்டால், “நான் எழுதியதில் எது தப்பு என்று சொல்லுங்கள், பேசலாம்” என்று மட்டும் எழுதுகிறேன். இனிஷியலை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். இது எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்ல மாட்டேன். பெயரில்லாமல் எழுதுவதில் பாதுகாப்பு இருக்கிறது, அது தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த மட்டைப் படத்துக்குப் பின்னால் மூச்சு முட்டியது, அவ்வளவுதான்.

மாற்றம் என்னால் மட்டும் வரவில்லை. குழுவை நடத்தும் அண்ணன், நான் கேட்காமலேயே, ‘ஆட்டத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம், பேசுகிறவரைப் பற்றிப் பேசினால் ஒரு வாரம் வெளியே’ என்று ஒரு வரியைக் குழு விவரத்தில் போட்டார். முதல் மாதத்திலேயே இரண்டு பேரை அனுப்பினார், ஒருவர் அவருடைய நெருங்கிய நண்பர். நீங்கள் ஒரு குழுவை நடத்துகிறவராக இருந்தால், தனி ஆள் பத்துப் பேர் பொறுமையாக இருப்பதைவிட நீங்கள் செய்யும் இந்த ஒரு காரியத்துக்குப் பலன் அதிகம்.

வேறு சில விஷயங்கள், சுருக்கமாக. ஆட்டம் முடிந்த சூட்டில் நான் எதையும் பொதுவில் எழுதுவதில்லை. போனில் குறிப்பாக எழுதி வைத்து, காலையில் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். பாதிக்கு மேல் அனுப்புவதில்லை. கிண்டலை எழுத்தில் தவிர்க்கிறேன். நெருங்கியவர்கள் சிரித்த அதே வரியை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறிடத்தில் போட்டபோது, அதைப் படித்தவர்களுக்கு என் சிரிப்பு தெரியவில்லை, சொல் மட்டும் தெரிந்தது. தப்பாகச் சொன்னால் அழிப்பதில்லை, அதே இடத்தில் ‘திருத்தம்’ என்று போட்டுச் சரியானதை எழுதுகிறேன். வேலை சம்பந்தமான கணக்கையும் விளையாட்டுப் பேசும் கணக்கையும் கலப்பதில்லை, வீட்டாரின் படம் எதுவும் அதில் இல்லை. மிரட்டலோ ஆபாசமோ வந்தால் அது கருத்து வேறுபாடு கிடையாது. அதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, பிளாக் செய்து, ரிப்போர்ட் செய்து, நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். தனியாக வைத்துக்கொண்டு நாள் கணக்கில் புழுங்காதீர்கள், நான் ஒருமுறை அப்படிப் புழுங்கியிருக்கிறேன்.

2020 ஆகஸ்ட் 15 அன்று தோனி ஓய்வை அறிவித்தார். அந்த அரையிறுதிதான் அவருடைய கடைசி சர்வதேச ஆட்டம் என்று அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது. நான் ‘சுயநலம்’ என்று எழுதியது அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான். குழுவில் எல்லோரும் பழைய படங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பழைய வரியை எடுத்து, அதற்குக் கீழே எழுதினேன்: “இந்தச் சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது. அவர் ஆடிய விதத்தில் எனக்குக் குறை உண்டு, அவர் மனதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.”

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. அன்றைக்கு ‘அதான்’ என்று எழுதியவர். “நானும் அன்னைக்கு அப்படி எழுதியிருக்கக் கூடாதுங்க. மன்னிச்சிடுங்க” என்றார். பரவாயில்லை என்று எழுதவில்லை, ஏனென்றால் பரவாயில்லாமல் இல்லை. “சொன்னதுக்கு நன்றிங்க” என்று எழுதினேன். பத்து நிமிடம் இரண்டு பக்கமும் அமைதி. அப்புறம் அவரே கேட்டார்: “அந்த ரெண்டாவது ரன் ஓடியிருக்கணுமா, வேண்டாமா? நீங்க என்ன நினைக்கிறீங்க?”

ஓடியிருக்கத்தான் வேண்டும் என்றேன். ஜடேஜா போன பிறகு எதிர்முனையில் புவனேஷ்வர். ஒரு ரன்னோடு நின்றால் ஸ்ட்ரைக் அவரிடம் போய்விடும், மிச்சம் ஒன்பது பந்துதான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தோனி உள்ளே நின்றிருந்தால் கடைசி ஓவர் ஒன்றாவது கையில் இருந்திருக்கும் என்றார். வீடியோவை அனுப்பினார். தோனி திரும்பும் இடத்தில் நிறுத்தி, அதை ஒரு படமாக எடுத்து நான் அவருக்கு அனுப்பினேன். இரவு ஒரு மணி வரை போனது. இன்னமும் அந்த ரன்னைப் பற்றி எங்களுக்குள் முடிவாகவில்லை.